நெஞ்சு படபடத்தால் அது பயம்தானா? உள்ளுடல் உணர்வைப் பழகத் தொடங்குபவர்களுக்கு

மாலை நான்கு மணி. மேலதிகாரியிடமிருந்து ஒற்றை வரியில் ஒரு மின்னஞ்சல். படித்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை பிசுபிசுக்கிறது, எரிச்சல் தலைக்கேறுகிறது. "இந்த ஆளுக்கு என்மேல் ஏதோ கோபம்" என்று மனம் தீர்ப்பே எழுதிவிடுகிறது. மதியம் சாப்பிடவில்லை, இரண்டு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் பாதிக்குமேல் இன்னும் ரத்தத்தில் ஓடுகிறது, முந்தைய இரவு தூங்கியதே ஐந்து மணி நேரம். இவற்றில் ஒன்றுகூட அந்தத் தீர்ப்பில் இடம்பெறவில்லை.

இதயம், நுரையீரல், இரைப்பை, சிறுநீர்ப்பை, ரத்தக் குழாய்கள் இவற்றின் நிலையை மூளை அறிந்துகொள்வதற்கு இன்டரோசெப்ஷன் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வேரிட்டவர் நரம்பியலாளர் சார்லஸ் ஷெரிங்டன், 1906-இல். தமிழில் சிலர் இதை 'உள்ளுணர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். அது "ஏனோ தெரியவில்லை, இந்த ஆளை நம்ப வேண்டாம் என்று தோன்றுகிறது" என்கிற வகை. இது அதற்கும் முந்தைய, வெறும் உடல் சமாசாரம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே 'உள்ளுடல் உணர்வு' என்றே வைத்துக்கொள்வோம்.

பயம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பொறாமை என்றால் வயிறு எரிகிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. நம் மொழி மனதைப் பேசும்போதெல்லாம் உடலைத் தொட்டுக்கொண்டுதான் பேசுகிறது. ஆனால் புளியைக் கரைத்தது பயமா, காலிவயிறா என்று பிரித்துச் சொல்லும் வேலை மொழியுடையது இல்லை. அந்தப் பிரித்தறிதலைத்தான் இங்கே பழகப்போகிறோம்.

செய்தி போகும் வழி

உடலிலிருந்து மூளைக்குப் போகும் பெரிய பாதைகள் இரண்டு. ஒன்று வேகஸ் நரம்பு. மூளை உறுப்புகளுக்குக் கட்டளை அனுப்பும் கம்பி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எதிர்த்திசையில், உறுப்புகளின் நிலவரத்தை மேலே கொண்டுபோகின்றன. இன்னொன்று தண்டுவடம் வழியாகப் போகும் மெல்லிய இழைகள்: வலி, சூடு, குளிர், அரிப்பு, தசைச் சோர்வு எல்லாம் இந்த வழிதான். இவற்றில் மிக மெல்லியவை நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். நாம் நடக்கிற வேகம். இரு பாதைகளும் கடைசியில் இன்சுலா என்ற பகுதியில் வந்து சேர்கின்றன. மூளையின் பக்கவாட்டு மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒளிந்திருப்பது அது. அதன் பின்பகுதியில் உடலின் பச்சைத் தகவல் பதிவாகிறது என்றும், முன்பகுதிக்கு வருவதற்குள் அது 'எனக்கு இப்போது எப்படி இருக்கிறது' என்ற உணர்வாகிவிடுகிறது என்றும் நரம்பியலாளர் பட் கிரெய்க் 2002-இல் விளக்கினார். 2004-இல் ஹியூகோ கிரிட்ச்லியின் குழு, இதயத்துடிப்பை நன்றாக உணர்பவர்களிடம் வலப்பக்க முன் இன்சுலா கூடுதலாக இயங்குவதைக் காட்டியது.

மூளை இந்தச் செய்திகளுக்காகக் கைகட்டிக் காத்திருப்பதில்லை, முந்திக்கொண்டு ஊகிக்கிறது. தாகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தாகம் அடங்கிவிடும். அந்தத் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து அதன் அடர்த்தியைக் குறைக்க அதைவிட வெகுநேரம் ஆகும். அதாவது தாகம் அடங்கியதாக நீங்கள் உணர்ந்தது நடந்து முடிந்த விஷயத்தை இல்லை, நடக்கப்போவதாக மூளை போட்ட கணக்கை. பயமும் பதற்றமும் இதே கணக்குப்பிள்ளையின் கைவேலைதான். கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும்போதுதான் வம்பு.

உடல் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை உணர்வதையே பயம் என்கிறோம் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதினார். 1927-இல் உடலியங்கியலாளர் வால்டர் கேனன் மறுத்தார்: கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும் உள்ளுறுப்புகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே நடந்துகொள்கின்றன, அதை வைத்து எது எதுவென்று எப்படிச் சொல்வது? தொடங்குபவர்களுக்கு ஜேம்ஸைவிடக் கேனனின் ஆட்சேபம்தான் அதிகம் பயன்படும். குறிப்பு மங்கலானது, பெயர் சூட்டுவது நாம். பிழை பெரும்பாலும் உணர்வதில் நேர்வதில்லை. பெயர் வைப்பதில் நேர்கிறது.

யார் இதைத் தனியாகச் செய்யக் கூடாது

இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சடக்கும் பயிற்சியையும் உடலை வேண்டுமென்றே பரபரப்பாக்கும் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். திடீர்ப் பீதி அடிக்கடி வருபவர்கள் மனநல நிபுணரின் துணையோடு செய்யலாம். உணவுக் கோளாறு இருந்தவர்கள் பசிக் குறிப்பேட்டை (படி 3) விட்டுவிடுங்கள். எண் போடும் பழக்கமே அவர்களுக்கு வினையாகலாம். நெஞ்சில் பாரம் ஏற்றிவைத்ததுபோன்ற அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை பயிற்சிக்கான பொருள் இல்லை. உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, சத்தம் எழுப்பும் டைமர், ஒரு நாற்காலி, முடிந்தால் நாடி பார்க்க ஓர் ஆள். தினம் 15 நிமிடம் போதும்.

படி 1: துடிப்பை எண்ணுதல் (முதல் 3 நாள்)

1981-இல் உளவியலாளர் ரெய்னர் ஷான்ட்ரி பயன்படுத்திய முறையின் வீட்டு வடிவம் இது.

1. காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி இவற்றுக்குப்பின் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டு, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகை நாற்காலியில் அழுத்த வேண்டாம். அழுத்தினால் துடிப்பு முதுகுத் தோலில் தட்டும்; அது தொடு உணர்வு.
2. துணைக்கு இருப்பவர் உங்கள் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கமாக, சுட்டுவிரலும் நடுவிரலும் வைத்து மெதுவாக நாடி பார்க்கட்டும். அவர் கட்டைவிரலை வைத்தால் தன் நாடியையே எண்ணிவிடும் வாய்ப்பு உண்டு. அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் உங்களுக்கே துடிப்பு தெரிந்துவிடும். விரலில் மாட்டும் கிளிப் கருவியிலும் இதே சிக்கல்.
3. டைமரை 35, 25, 45 நொடி என்று மூன்று முறை வையுங்கள். எந்தச் சுற்று எத்தனை நொடி என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது; துணைக்கு இருப்பவர் வரிசையை மாற்றிக்கொள்ளட்டும்.
4. உங்கள் கை எங்கும் நாடியைத் தொடாமல், உள்ளே உணர்ந்த துடிப்பை மட்டும் எண்ணுங்கள். எதுவும் தெரியவில்லையா, பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யமும் விடைதான்.
5. உண்மை எண்ணிக்கையைக் கேட்கும் முன், "எவ்வளவு நம்பிக்கை?" என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் போடுங்கள்.

கணக்கு இப்படி: உண்மையில் 42 துடிப்பு, நீங்கள் எண்ணியது 30. வித்தியாசம் 12. அதை 42-ஆல் வகுத்தால் 0.29. ஒன்றிலிருந்து கழித்தால் 0.71. மூன்று சுற்றுக்கும் சராசரி எடுங்கள்.

இந்த மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். தன் இதயம் நிமிடத்துக்கு 70 முறை அடிக்கும் என்று தெரிந்த ஒருவர், எதையும் உணராமல் மனதுக்குள் நொடிகளை எண்ணியே நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். 2018-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். "உணர்ந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகிக்க வேண்டாம்" என்று கறாராகச் சொன்னதும் மதிப்பெண்கள் சடாரென விழுந்தன. நீங்களும் உங்களைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நிமிடம் வேகமாகப் படியேறி இறங்கிவிட்டு, உடனே உட்கார்ந்து 35 நொடிச் சுற்றைத் திரும்பச் செய்யுங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 110 ஆகியிருந்தால் உண்மை எண்ணிக்கை 64-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் இன்னும் 40 என்றுதான் சொல்கிறீர்கள் என்றால், முதல் சுற்றில் எண்ணியது இதயத்தை இல்லை, கடிகாரத்தை. இந்தச் சுற்றுக்கு ஸ்மார்ட் வாட்ச் எண்ணை நம்ப வேண்டாம். அது சில நொடிகளின் சராசரியைக் காட்டுகிறது, படியேறியபின் துடிப்போ நொடிக்கு நொடி இறங்கிக்கொண்டிருக்கும்.

படியேறியதும் துடிப்பு எங்கே தெரிகிறது என்று இடத்தையும் குறியுங்கள். சிலருக்கு நெஞ்சு, சிலருக்குக் கழுத்து, காதுக்குள், மேல்வயிறு. அமைதியாக இருக்கும்போது எதுவுமே தெரியாதவர்கள் இடப்பக்கமாகப் படுத்துப் பார்க்கலாம். இதயம் நெஞ்சுக்கூட்டின் சுவரை நெருங்குவதால் பலருக்கு அப்போது பிடிபடும்.

நம்பிக்கை எண்ணை எதற்காகப் போடச் சொன்னோம்? சாரா கார்ஃபிங்கெலின் குழு 2015-இல் மூன்றைப் பிரித்துக் காட்டியது: எவ்வளவு சரியாக உணர்கிறோம், எவ்வளவு சரியாக உணர்வதாக நினைத்துக்கொள்கிறோம், அந்த நினைப்பும் நிஜமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன. "என் உடம்பு எனக்குத் தெரியாதா" என்பவரின் நம்பிக்கை 9, மதிப்பெண் 0.4 என்றால், அவர் பழக வேண்டியது கூடுதலாக உணர்வதை இல்லை, நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வதை. மூன்றில் எனக்கு எது குறை என்று தெரியாமல் பயிற்சி செய்வது, எந்தப் பல் வலிக்கிறதென்று தெரியாமல் பிடுங்குவது மாதிரி.

படி 2: மூச்சின் முதல் உந்துதல் (4 முதல் 6-ஆம் நாள்வரை)

உட்கார்ந்த நிலையில், இயல்பாக மூச்சை வெளியே விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறீர்கள் என்பது இங்கே போட்டி இல்லை. மூச்சு இழுக்க வேண்டும் என்ற முதல் தெளிவான உந்துதல் வந்ததும் விட்டுவிட வேண்டும். நொடியைக் குறியுங்கள், ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மொத்தம் மூன்று முறை செய்யுங்கள். தொடங்கும் முன் வேகவேகமாக மூச்சுவிடக் கூடாது. தண்ணீருக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது.

அந்த உந்துதல் முதலில் எங்கே வந்தது? தொண்டையிலா, விலாவுக்குக் கீழே உதரவிதானத்தின் சிறு துள்ளலாகவா? அதைவிட முக்கியம், அந்தக் கணத்தில் மனதில் ஓடிய வாக்கியம். "போதும்", "ஏதோ ஆகிவிடும்", "விடு விடு". அதை அப்படியே, சொல் மாறாமல் எழுதுங்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இந்தச் சில நொடிகளில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு பெரிதாக இறங்குவதில்லை. ஏறியது கரியமில வாயு. மூளை அலாரம் அடிப்பது அதை வைத்துத்தான். உடலுக்கு ஆபத்தே இல்லாத இடத்தில் "ஏதோ ஆகிவிடும்" என்ற முழு வாக்கியம் பிறந்துவிட்டது பார்த்தீர்களா, இந்தப் படியின் பாடமே அதுதான்.

இந்த அலாரம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு மருத்துவ உலகில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண்ணே சாட்சி. பயத்தோடு நெருங்கிய தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலா இரு பக்கமும் சிதைந்துபோனவர். பாம்பு, பேய் வீடு, திகில் படம் எதுவும் அவரைப் பயமுறுத்தவில்லை. 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு முறை இழுக்கவைத்தபோது அவருக்குப் பீதி பொங்கி எழுந்தது என்று 2013-இல் பதிவானது. வெளியிலிருந்து வந்த எதற்கும் அஞ்சாதவரை உள்ளிருந்து வந்த ஒரு குறிப்பு உலுக்கிவிட்டது.

மூச்சைக் கவனித்தாலே மூச்சு மாறிவிடுகிறதே என்று பலர் குறைபடுவார்கள். ஆமாம், மாறும். அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். இயல்பான எண்ணிக்கை வேண்டுமென்றால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் உங்கள் வயிற்றைப் பார்த்து எண்ணட்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

படி 3: தேவைகளின் குறிப்பேடு (7 முதல் 9-ஆம் நாள்வரை)

ஒரு நாளில் மூன்று அலாரம், சீரற்ற நேரங்களில். ஒலித்ததும் பசி, தாகம், சிறுநீர், தூக்கம், வெப்பம் ஐந்துக்கும் 0 முதல் 10 வரை எண். முப்பது நொடி வேலை. பிறகு சாப்பிட்டோ குடித்தோ முடித்ததும் மறுபடி எண் போடுங்கள்.

சிறுநீர்ப்பையில் சுமார் 150 முதல் 250 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். கொள்ளளவு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் வேலையில் மூழ்கியவர்கள் 3-லிருந்து நேராக 9-க்குத் தாவுவதைத் தங்கள் நோட்டிலேயே பார்ப்பார்கள். அந்தத் தாவலுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் யாரிடமாவது சள்ளென்று விழுந்தீர்களா என்று பக்கத்தில் எழுதுங்கள். வேடிக்கையாகத் தோன்றும்; மூன்று நாளில் வேடிக்கை குறைந்துவிடும்.

படி 4: மூன்று பத்திகள் (10 முதல் 12-ஆம் நாள்வரை)

இதுதான் மையம். மற்றதெல்லாம் இதற்கான தயாரிப்பு. மனம் கலங்கிய ஒரு தருணம் வந்ததும் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்.

முதல் பத்தியில் இடமும் தன்மையும். இறுக்கம், கனம், சூடு, குளிர், துடிப்பு, எரிவு, குறுகுறுப்பு, வெறுமை, குடைச்சல் போன்ற சொற்களுக்கு மட்டும் இங்கே அனுமதி. கவலை, கோபம், பயம் என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டாவதில், மனம் தானாகச் சூட்டிய பெயரும் காரணமும். மூன்றாவதில், இதே முதல் பத்தியை வேறு எது உண்டாக்கியிருக்கலாம் என்று குறைந்தது இரண்டு விடை. கேட்க வேண்டிய கேள்விகள்: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? தூங்கியது எவ்வளவு? கடந்த 6 மணி நேரத்தில் காஃபீன்? ஒரே இடத்தில் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்? அறை புழுக்கமா? புது மருந்து, மாதவிடாய் நாள், தொடங்கும் சளி?

மேலே சொன்ன மின்னஞ்சல் இப்படி வரும்:

முதல் பத்தி: "நெஞ்சு நடுவில் வேகமான துடிப்பு, உள்ளங்கை ஈரம், மேல்வயிறு வெறுமை, தாடை இறுக்கம்."
இரண்டாவது: "கோபம். அவர் என்னை மதிக்கவில்லை."
மூன்றாவது: "மதியம் சாப்பிடவில்லை. 2 மணிக்குக் காபி. 5 மணி நேரத் தூக்கம்."

இப்போது மூன்றாவது பத்தியில் சரிசெய்ய முடிகிற ஒன்றைச் சரிசெய்யுங்கள். ஏதாவது சாப்பிட்டு, 20 நிமிடம் கழித்து முதல் பத்தியைத் திரும்ப நிரப்புங்கள். வெறுமையும் ஈரமும் போய்த் தாடை இறுக்கம் மட்டும் மிஞ்சினால், மிஞ்சியது அநேகமாக நிஜமான கோபம். அதற்கு உரிய மரியாதையைக் கொடுங்கள். எல்லாவற்றையும் பசி, தூக்கம் என்று தள்ளிவிடுவதும் பிழைதான். உங்களை உண்மையாகவே ஒருவர் அவமதித்துக்கொண்டிருக்கும்போது "எனக்குத் தூக்கம் போதவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போவதற்காக இந்தப் பயிற்சி இல்லை.

உடலின் நிலை நம் தீர்ப்பைச் சாய்ப்பது ஒரே இதயத்துடிப்புக்குள்ளேயும் நடக்கிறது என்பது இன்னொரு வியப்பு. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. சுருங்கும் அந்தக் கணத்தில் காட்டிய பயந்த முகங்களை, இதயம் விரியும் கணத்தில் காட்டியவற்றைவிடத் தீவிரமானவையாக மக்கள் மதிப்பிட்டதாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது.

படி 5: வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்தல் (13, 14-ஆம் நாள்)

நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட்டம். அல்லது சுழல்நாற்காலியில் 30 நொடி சுற்று. விழுந்தால் அடிபடாத இடமாக இருக்கட்டும். நிறுத்தியதும் கண்ணைத் திறந்தபடியே முதல் பத்தியை மட்டும் நிரப்புங்கள். படபடப்பு தானாக எத்தனை நொடியில் தணிகிறது என்று பாருங்கள். தணிக்க முயல வேண்டாம். பீதிக்கான சிகிச்சையில் இதே உத்தியை முறைப்படி பயன்படுத்துகிறார்கள். காரணம், 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் வரைந்து காட்டிய சுழல்: படபடப்பு வருகிறது, "மாரடைப்போ" என்ற எண்ணம் வருகிறது, அந்த எண்ணமே படபடப்பைக் கூட்டுகிறது, கூடியதைக் கண்டு எண்ணம் இன்னும் உறுதியாகிறது. படபடப்பை நீங்களே வரவழைத்து, அது தானே போவதைப் பலமுறை பார்த்தபின் அந்தச் சுழலின் இரண்டாம் கண்ணி தளர்கிறது.

எங்கே சறுக்கும்

கவலை மிகுந்தவர்கள் செய்யும் தவறு, நாள் முழுக்க உள்ளேயே காதை வைத்துக்கொண்டிருப்பது. கவனம் குவிந்த இடத்தில் உணர்வு பெருகும். நாக்கு வாயில் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், தெரியும். ஆகவே ஒவ்வொரு பயிற்சியையும் வெளிக்கவனத்தோடு முடிக்க வேண்டும்: கேட்கும் மூன்று ஒலிகள், காணும் மூன்று நிறங்கள், பாதத்துக்குக் கீழே தரை. ஒரு நிமிடம். பலர் தவிர்ப்பது இதைத்தான். பயிற்சி தொடங்கியபின் பதற்றம் கூடினால் அநேகமாகக் காரணமும் இதுதான்.

ஒன்றுமே தெரியவில்லை என்பவர்கள் வேறு ரகம். உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கவே திணறுகிறவர்கள் உண்டு. இதை 1973-இல் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் அலெக்ஸிதைமியா என்று அழைத்தார். இவர்கள் இதயத்திலிருந்து தொடங்கினால் சலித்துவிடும். உள்ளங்கைகளை 20 நொடி தேய்த்துப் பிரித்து வைப்பது, குளிர்ந்த நீரில் கையை 15 நொடி வைப்பது என்று உரத்த குறிப்புகளில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லிய குறிப்புகளுக்கு இறங்கலாம். பழைய அதிர்ச்சியால் உடலைக் கவனிப்பதே அச்சமூட்டினால் நிறுத்திவிட்டு நிபுணரைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதில் லாபமில்லை.

மூன்றாவது ரகம், "என் வயிறு சொல்கிறது, அதனால் சரி" என்று கிளம்பிவிடுபவர்கள். 2016-இல் லண்டன் நிதிச் சந்தை வர்த்தகர்களிடம் நடந்த ஆய்வில், துடிப்பை நன்கு உணர்ந்தவர்கள் அதிக லாபம் ஈட்டியதும் அந்தத் தொழிலில் நெடுநாள் நிலைத்ததும் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு வயிற்றிடம் முதலீட்டு ஆலோசனை கேட்க முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே. ஒன்றால்தான் மற்றது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. உடல் தன் நிலையைச் சொல்கிறது. உலகத்தின் நிலையை அது நேரடியாக அறியாது.

15-ஆம் நாள் படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். அதே நாற்காலி, அதே நேரம், காபிக்கு முன். மதிப்பெண் ஏறாமலே இருக்கலாம். நம்பிக்கை எண்ணும் மதிப்பெண்ணும் முன்பைவிட நெருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு படி 4-இன் பக்கங்களைப் புரட்டி, மூன்றாவது பத்தியில் திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்று வட்டமிடுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அடுத்த மாதம் முழு அட்டவணை வேண்டாம்; அந்தச் சொல்லை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மனம் கலங்கும்போது முதலில் அதைச் சரிபாருங்கள்.